தண்ணீர் நன்றாக வந்தது

படகு மோட்டரைச் சுற்றிலும் தண்ணீர்தானே இருக்கிறது, அது எப்படிச் சூடாகும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சுற்றியிருக்கும் தண்ணீர் தானாக உள்ளே போகாது, ஐயா. படகைத் தள்ளும் விசிறிக்குச் சற்று மேலே ஒரு சிறிய தண்ணீர்ப் பம்பு இருக்கிறது. அதற்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுழன்று தண்ணீரை மேலே ஏற்றும். அது நின்றால் சில நிமிடங்களில் மோட்டரும் நின்றுவிடும்.

என் பெயர் வீரய்யா. மஸ்கெலியா பஸாரில் மோட்டர் சைக்கிளும் படகு மோட்டரும் பழுது பார்க்கிறேன். வீடு நீர்த்தேக்கத்துக்கு அக்கரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். ரோட்டு வழியாகச் சுற்றி வந்தால் ஒன்றரை மணி நேரம். பிரதாப்பின் படகில் இருபது நிமிடம். பிரதாப்புக்கு இருபத்தாறு வயது. உறவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் என்னை மாமா என்பான், என் மனைவி சண்முகவடிவை அத்தை என்பான்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகப் படகில் ஏறினாள். நடுவில் மோட்டர் புகைந்து நின்றது. காற்று படகைக் குறுக்கே திருப்பியது, அலை கவிழ்த்தது. பிரதாப் இரண்டு பெண்களைக் கரை சேர்த்தான். மூன்றாவது தடவை நீந்திப் போனபோது அவள் இல்லை. மறுநாள் காலையில் கிடைத்தாள்.

பிரதாப் மோட்டரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டி ரப்பரைக் கருக்கிவிட்டான் என்று நான் சொன்னேன். அவள் உடலின் பக்கத்தில் நின்று சொன்னேன். பிறகு கோயிலில் சொன்னேன், பஸாரில் சொன்னேன். மெக்கானிக் சொல்வதை யார் நம்பாமல் இருப்பார்கள்? கடைகளில் அவனுக்குச் சாமான் தர மறுத்தார்கள். யாரோ அடித்து இரண்டு பல்லை உடைத்தார்கள். அவன் தாய் பேச்சியம்மா என் வாசலில் வந்து விழுந்து கும்பிட்டாள். நான் கதவைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்து நான்காம் நாள் அவனே வீங்கிய வாயோடு வந்தான். மூழ்கிய மோட்டரைக் காயவைத்து எண்ணெய் விட்டிருந்தான். தான் செய்த தப்பு என்னவென்று தனக்கே தெரியவில்லை, திறந்து பாருங்கள் என்றான். சரி என்றேன். ஒரு புதுப் பம்பும் எடுத்துக்கொண்டு போனேன்.

பகல் பதினொரு மணி இருக்கும். கரையில் வைத்து அடிப்பகுதியைக் கழற்றி, பம்பின் மூடியை எடுத்தேன். அவன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

ரப்பர் கருகவில்லை. ஓர் இதழ்கூட மடங்கவில்லை. சக்கரத்தை, அதைச் சுழற்றும் தண்டோடு பூட்டுகிற சின்ன உலோகத் துண்டு ஒன்று உண்டு, கீ என்போம். அது தேய்ந்து, இரண்டாக முறிந்திருந்தது. தண்டு சுற்றியிருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை. சித்திரையில் அந்தப் பம்பை மாற்றியவன் நான். அதோடு வந்த புதுக் கீ புல்லில் விழுந்தது. தேடச் சோம்பல்பட்டுப் பழையதையே போட்டிருந்தேன்.

"இது பழசா மாமா?" என்று கேட்டான். துண்டுகளை எடுத்து அவனிடம் நீட்டினேன். முறிந்த துண்டுகளைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு தண்ணீரில் வீசினான்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும். நீங்க அத்தைய பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க."

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தினமும் என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு, என் எதிரே நடமாடுவான் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

புதுப் பம்பைப் பூட்டினேன். அவசரப்படவில்லை. கீயை ஒழுங்காகப் போட்டேன். படகைத் தண்ணீரில் இறக்கி நான் ஏறிக்கொண்டேன். அவனைப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மோட்டர் ஓடும்போது அங்கே ஆள் நிற்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"இங்கயா மாமா?" என்றான். ஆமாம் என்றேன். நின்றான்.

படகு பின்னால் போகும் கியரைப் போட்டு முழுவேகம் கொடுத்தேன். விசிறி தொடையில் ஏறி வயிற்றுக்குப் போனது. மோட்டர் ஒரு தரம் திணறியது. அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். ஸ்பேனரால் விரல்களில் அடித்தேன், விட்டான். படகைக் கொஞ்சம் முன்னே எடுத்து, மறுபடியும் அவன் மேல் பின்னால் வந்தேன். மோட்டரின் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் கம்பிபோல் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பம்பு சரியாக வேலை செய்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நிஷாந்தி, நான் இரண்டாம் தடவை திரும்பி வந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. விபத்து என்று நான் சொன்னதுதான் பொய். பிரதாப்பைக் கொன்றது நான்.

காரணம் என்று என்ன எழுதுவது எனக் கேட்டீர்கள். என் மனைவியைக் கொன்றவனை நான் உயிரோடு விடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.