கொத்தளம்பட்டி ஊமைக்கல்லு

என்ன, காசுக் கதைன்னதும் எல்லாரும் முன்னால நகந்து உக்காந்துட்டீங்க? பானை நெறைய பொன்னு வரும், அதுக்கு ஒரு பூதம் காவல் இருக்கும்னுதானே? வராது. ஒத்த ரூவாதான் வரும். அதுவும் கோணல் ரூவா. எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிருங்க… போகலையா? சரி, கேளுங்க.

வெள்ளி ரூவா ஓடின காலம். கொத்தளம்பட்டின்னு ஒரு ஊரு. அங்க வியாழக்கெழமை சந்தை. சந்தை நடுவுல ஒரு கருங்கல்லு. கல்லுப் பக்கத்துல நோட்டக்கார வைரவன். நோட்டம்னா, காசு நல்லதா கள்ளமான்னு பாக்குற வேலை. காசைக் கல்லுல போடுவாராம். 'ணங்ங்ங்'னா நல்ல வெள்ளி. 'தொட்'னா ஈயம். அவர் சொன்னா சொன்னதுதானாம்.

ஆனா அம்பது வயசுல மனுசனுக்குக் காது போயிருச்சு. 'ணங்'கும் கேக்காது, 'தொட்'டும் கேக்காது. வெளிய சொல்வாரா? சொன்னா சோறு போயிரும். தலையை இப்பிடிச் சாச்சு, கண்ணை இப்பிடி மூடி… ஆங், ஒரு கண்ணை மட்டும் லேசாத் தொறந்து, காசோட மொகரையைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லுவாராம்.

ஒரு வியாழக்கெழமை உப்புக்காரி மூக்காயி வந்தா. இருந்த ஒரே ஆட்டை வெளியூர்க்காரனுக்கு வித்த ரூவா. அதைக் குடுத்து உப்பு மூட்டை வாங்கணும். ரூவாயைப் பாத்தா, ராசா தலை நடுவுல இல்ல. ஓரத்துல ஒதுங்கி, சன்னல்ல எட்டிப் பாக்குற மாதிரி கெடக்கு. கல்லுல போட்டா, 'ணங்ங்ங்'! சந்தைக்கே கேட்டுச்சு. வைரவனுக்குக் கேக்கல. கோணத் தலையைப் பாத்தார். "கள்ளம்"னுட்டார்.

கூட்டம் என்ன சொல்லுச்சு தெரியுமா? "நமக்குக் கேட்டது வெளிச்சத்தம்ப்பா. அவருக்குல்ல உள்சத்தம் கேக்கும்!"

கள்ளக்காசு கொண்டாந்தவ சந்தைக்குள்ள கால் வைக்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டு. "அண்ணாச்சி, நல்லாப் பாருங்க அண்ணாச்சி, என் ஆடு அண்ணாச்சி"ன்னு அழுதாளாம். அதுவும் அவருக்குக் கேக்கல. வாய் அசையுறது மட்டும் தெரிஞ்சுச்சாம்.

ரூவா அவர்கிட்டயே தங்கிருச்சு. வீட்டுக்குப் போய் அதைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஆணியால தட்டினார். தாடை 'கிர்ர்ர்'னு அதிர்ந்துச்சு. வேற நல்ல ரூவாயைக் கடிச்சுத் தட்டினார். அதே 'கிர்ர்ர்'. ஈயக் காசு செத்த பல்லி மாதிரி சும்மா கெடந்துச்சு.

"அடப் பாவி வைரவா! நல்ல வெள்ளிடா இது. அடிக்கிறப்ப அச்சு நழுவியிருக்கு. கோணல், காசடிச்சவனோடது. பாவம், ஒன்னோடது."

அந்த வாரம் பூரா சோறு எறங்கல. கொழம்புல உப்புக் கரிச்சா, கண்ணு முன்னால மூக்காயி வாய் அசையுதாம்.

அடுத்த வியாழன், சந்தைக்கு வெளிய நின்னவளைக் கூப்பிட்டார். "உள்ள வா தாயி. ஊரே, இது நல்ல காசு!"

"அப்ப அன்னைக்கிக் கள்ளம்னீரே?"ன்னு கூட்டம் கையை ஆட்டுச்சு.

உண்மை அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சாம். வந்து… திரும்பிப் போயிருச்சு. "கல்லு ஊமையாயிருச்சு. அதான் தப்பாயிருச்சு"ன்னுட்டார்.

அன்னையிலருந்து அது ஊமைக்கல்லு. இன்னைக்கும் அந்தச் சந்தையில பானை வாங்குறவங்க தட்டிப் பாத்தா, பக்கத்துல நிக்கிறவங்க 'ணங்'னு வாயால சத்தமாச் சொல்லுவாங்க. ஏன்னு கேளுங்க. அன்னைக்கு மூக்காயி ரூவாயை வாங்கி முந்தியில முடியுறா. சனம் பூரா கல்லைத் தடவி, "ஐயோ பாவம்"ங்குது. கயிறு விக்கிற சுடலிக்கு மட்டும் வாய் நிக்கல.

"ஏ, கல்லு நல்லாத்தான் பேசுது! நோட்டக்காரருக்குத்தான் காது கேக்கல. அஞ்சு வியாழனா முதுகுக்குப் பின்னால நின்னு வைஞ்சுக்கிட்டிருக்கேன், மனுசன் ஒரு தடவ திரும்பலையே! இனிமே நாமதான் அவருக்கு வாயால 'ணங்'னு சொல்லணும்!"