அதைச் சம்பளம்னு சொல்லாதீங்க

அய்யோ மேடம், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க. சம்பளமாவது! என் தையல்கடையில அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்து வர்றீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஃபேனையாவது துடைச்சு வெச்சிருப்பேன்.

அப்ப ஆளுங்களுக்கு என்னதான் குடுக்கறேங்கறீங்களா? காசுதான் குடுக்கறேன். பேருதான் வேற வேற. சம்பளம்னு வாயைத் திறந்தாப் போதும், பின்னாடியே லீவு, போனஸ், இன்ஷூரன்ஸ்னு ஒரு பட்டாளமே உள்ள வந்து உக்காந்துக்கும். அதனால தையல்காரங்களுக்குக் கூலி. தைச்ச துணிக்குக் காசு, அவ்வளவுதான். மெஷின் ரிப்பேராகிச் சும்மா உக்காந்திருந்தா அது அவங்க பாடு. காஜா எடுக்கற பொண்ணுக்கு உதவித்தொகை. தொழில் கத்துக்குதில்ல? ஆமா, நாலஞ்சு வருஷமா கத்துக்குது. கொஞ்சம் மந்தம். துணி கொண்டுபோய்க் குடுக்கறவருக்கு பேட்டா. ஆடிட்டருக்கு மட்டும் ஃபீஸ். அவர்கிட்ட கூலின்னு சொன்னா அடிக்கவே வந்துடுவார்.

எனக்கா? எனக்கு லாபம் மேடம். மிச்சம்னு வேணா எழுதிக்குங்க, அடக்கமா இருக்கும்.

சிரிக்காதீங்க. புகார் குடுத்தவங்க விஷயத்துக்கு வர்றேன். இங்க கோட்டு வெட்டிட்டிருந்தது அவங்கதான், நான் மறைக்கல. போர்டுல கட்டிங் மாஸ்டர்னு என் பேரு இருக்கு, கத்திரி அவங்க கையில இருந்துச்சு. நான் டேப் பிடிச்சு அளவெடுத்து, வர்றவங்ககிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசி அனுப்புவேன். பேசறதும் வேலைதானே?

போன மாசம் எல்லாருக்கும் பட்டுவாடா பண்ணிட்டிருந்தேன். அவங்க திடீர்னு கத்திரியை மேசை மேல வெச்சுட்டு, எல்லார் காதுலயும் விழற மாதிரி, எனக்கு எங்க சம்பளம்னு கேட்டாங்க. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். திரும்பிப் பார்த்தா வேற ஒருத்தரும் சிரிக்கல. அந்தக் காஜா பொண்ணு ஊசியைக் கீழ வெச்சுட்டு என் மூஞ்சியையே பாக்குது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உனக்கு என்ன குறை, சோறு போடலையா, இருக்க வீடு இல்லையான்னு சத்தம் போட்டேன். அதெல்லாம் மாட்டுக்கும் உண்டுன்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

என்னது? ஆமா, உனக்குன்னுதான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றது? அவ என் பொண்டாட்டி மேடம்.

அதுக்கு ஏன் பேனாவைக் கீழ வெக்கறீங்க? கட்டினவளுக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கற புருஷனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? கைச்செலவுக்குன்னு அப்பப்ப குடுத்துட்டுத்தான் இருந்தேன். கேட்டா குடுப்பேன். கேக்கலைன்னா மறந்துடுவேன். வீட்டுக்குள்ள என்ன?

மறுநாளே எதிர்க்கடையில போய்ச் சேர்ந்துட்டா. அதோ, கண்ணாடிக்குப் பின்னாடி நீலத் துணியை விரிச்சுப் போட்டுக் குனிஞ்சு நிக்கறாளே, அவதான். இங்க கோட்டுக்குக் குடுத்தவங்க அத்தனை பேரும் துணியைத் திருப்பி வாங்கிட்டு ரோட்டைக் கடந்து போயிட்டாங்க. தையல்காரங்க உடம்பு இங்க இருக்கு, கண்ணு அங்க இருக்கு.

வீட்டுக்கா? வர்றா மேடம், சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. முந்தாநாள் முதல் மாசச் சம்பளம் வாங்கிட்டு வந்தா. ஆமா, அங்க அதைச் சம்பளம்னுதான் சொல்றாங்களாம். அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்து என் முன்னாடி வெச்சு, இந்தாங்க, கைச்செலவுக்கு வெச்சுக்குங்கன்னா.

வாங்கிக்கிட்டேனாவா? வாங்காம என்ன பண்றது மேடம். நேத்து டீ குடிக்கவே அதுலேர்ந்துதான் எடுத்தேன்.