கால்வாய் ஓரத்து வீடு

— பத்து மணி நேரம், பிரதர் லார்சன்! போன சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சபை மாநாடு முடியற வரைக்கும் டிவி முன்னாடிதான். அடுப்புல ரொட்டி கருகினதுகூடத் தெரியல. அத்தனை பெரியவங்க பேசினாங்களே, ஒருத்தராவது ‘நாளைக்கு இது நடக்கும்’னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?

— அட, முதல்ல உக்காரும்மா வெர்லா. கோட்டைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள சால்ட் லேக்ல இருக்கற சபைத் தலைமையோட சண்டைக்கு நிக்கறே. பொண்ணு எங்க?

— வண்டியில. நான் கையாட்டினா வருவா. உங்ககிட்ட முதல்ல தனியாப் பேசணும்.

— ஆசீர்வாதத்துக்காக நேத்திலேர்ந்து உபவாசம் இருக்கற பிள்ளை. இந்தக் குளிர்ல வெளிய உக்கார வெச்சிட்டு...

— ஹீட்டர் ஓடுது. பேச்சை மாத்தாதீங்க. இந்தாங்க, உங்களுக்கு ஜாம். உங்க மரத்து ஆப்ரிகாட்தான், ஜூலையில பொறுக்கிட்டுப் போனது.

— வருஷா வருஷம் என் பழத்தையே எனக்குத் திருப்பிக் குடுக்கறே. சரி, அந்த அலமாரியில வை. இப்ப சொல்லு, மாநாட்டுல என்ன குறை?

— வருஷத்துக்கு ரெண்டு தடவை வலது கையைத் தூக்கறோம். ‘இவரைத் தீர்க்கதரிசியா ஏத்துக்கறோம்’ங்கறோம். சொல்ற பேரு தீர்க்கதரிசி. பேசறதெல்லாம் என்ன? அன்பா இருங்க, கடன் வாங்காதீங்க, ஜெபம் பண்ணுங்க. இதை எங்க மாமியாரே சொல்லுவாங்களே! அவங்களுக்கு யாரும் கை தூக்கல.

— உன் மாமியாருக்குக் கை தூக்கற தைரியம் இந்தப் பள்ளத்தாக்குல யாருக்கு இருந்துச்சு?

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா வந்திருக்கேன்.

— பாரும்மா, தீர்க்கதரிசின்னா வானிலை ஆபீஸ் இல்ல. ‘வீட்டுல கோதுமை, பீன்ஸ் சேத்து வைங்க’ன்னு வருஷக்கணக்கா சொன்னாங்களா இல்லையா? கொள்ளை நோய் வந்து கடையில அலமாரியெல்லாம் காலியானப்ப உன் நிலவறையில என்ன இருந்துச்சு?

— கோதுமை இருந்துச்சு. குளிர்காலத்துக்கு எறும்பும்தான் சேத்து வைக்குது. அதுக்கு யாரு வந்து வெளிப்பாடு குடுத்தா?

— புதுசாக் கட்டப் போற ஆலயங்களை அறிவிச்சாங்களே, கடைசி அஞ்சு நிமிஷத்துல? இந்த ஊர்ல வரும், அந்த ஊர்ல வரும்னு பேர் பேரா வாசிச்சாங்களே. அது நாளைக்கு நடக்கப் போறதுதானே?

— அதைக் கான்ட்ராக்டரும் சொல்லுவான்.

— உன்னோட பேசி ஜெயிக்கறதுக்கு நாலு மொரட்டு ஆட்டுக்கு ரோமம் கத்தரிச்சிடலாம்.

— நல்லா இருக்கே கதை. சரி, நீங்களே சொல்லுங்க. நெஞ்சுல கை வெச்சு. அவங்க தீர்க்கதரிசனம் சொல்றாங்களா?

— ...இரும்மா. யோசிச்சுத்தான் சொல்லணும். எங்க பாட்டன் காலத்துல சபைப் பெரியவர் ஒருத்தர் குதிரை வண்டியில வந்தாராம். இந்தப் பாறை நிலத்துல நின்னுக்கிட்டு, ‘இங்க தோண்டு, தண்ணி வரும்’னாராம். வந்துச்சு. அந்தக் கிணத்தை எழுதி வெச்சோம், பிள்ளைங்களுக்குக் கதை சொன்னோம். அதே பெரியவர் அதே சாயங்காலம், ‘இந்தப் பள்ளத்தாக்குல ஆரஞ்சு விளையும்’னும் சொன்னாராம். அதுக்கு எங்கேயாவது கல்வெட்டு இருக்கா?

— ஆரஞ்சா? ஜூன் மாசம் தக்காளியே பனியில செத்துப் போகுது!

— அதானே. பலிச்சதை வெச்சுக்கிட்டோம், மத்ததை மறந்துட்டோம். இப்ப அப்படி மறக்க முடியுமா? ஒரு வார்த்தை தப்பாப் போனா உலகம் பூரா கைபேசியில ஓடும். கோடிக்கணக்கான ஜனம் நம்பிக்கிட்டு இருக்கு. அவங்க சொல்லாம இருக்கறது, ஒண்ணும் கேக்காததாலயா, பயத்தாலயா, பொறுப்பாலயா... எனக்குத் தெரியலம்மா. மேல இருக்கறவங்களைப் பத்தி எனக்கென்ன தெரியும்.

— மேல இருக்கறவங்களை விடுங்க. நான் அவங்களுக்காக இங்க வரல.

— தெரியும். கோட்டைக் கழட்டாம நிக்கறப்பவே தெரியும்.

— இந்த வட்டாரத்துக்கே நாளையைச் சொல்றதுக்குன்னு நியமிச்ச ஆளு ஒருத்தர்தான். கோத்திரப்பிதா. தலையில கை வெச்சு, ஒரே ஒரு பிள்ளைக்கு, அதோட வாழ்க்கையில என்ன வரும்னு சொல்றவர். நீங்க. நீங்களும் நிறுத்திட்டீங்க.

— யாரு சொன்னா நிறுத்திட்டேன்னு? போன மாசம்கூட...

— போன மாசம் சோரன்சன் வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க வந்தாங்க. ‘விசுவாசமா இருந்தா ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார். வேதம் வாசி. பெத்தவங்க பேச்சைக் கேளு.’ ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. ஒரே அச்சுல வார்த்த மாதிரி.

— அடுத்தவங்க ஆசீர்வாதத்தை வெளிய பேசக்கூடாது வெர்லா. அது புனிதம்.

— புனிதம்தான். சலிப்பாவும் இருந்துச்சுன்னு அந்தப் பிள்ளைங்களே சொல்லுது. முன்ன நீங்க அப்படியா? ஜெசப் பையனுக்கு, ‘நீ உப்புத் தண்ணிக்கு நடுவுல இருக்கற ஜனத்துக்கு ஊழியம் செய்வே’ன்னீங்க. டோங்கா தீவுக்குப் போனான். எங்க கோல்பிக்கு அப்புறம்தான் நீங்க இப்படி ஆயிட்டீங்க.

— ...ஆமா. கோல்பிக்கு அப்புறம்தான்.

— பேரைச் சொன்னா தலை குனியாதீங்க. நான் சண்டைக்கு வரல.

— வந்தாலும் தப்பில்ல. ஒரு தாய் என்ன கேக்கணுமோ அதைக் கேளு. உன் பையன் இதே நாற்காலியில உக்காந்தான். நான் கை வெச்சேன். வீடு சொன்னேன், பிள்ளைங்க சொன்னேன். ரெண்டு வருஷத்துல மலை ரோட்டுல பனி சறுக்கி, வண்டி புரண்டு... பத்தொன்பது வயசு. என் வாயால சொன்னது ஒண்ணுகூட நடக்கல.

— மறு உலகத்துல நடக்கும்னு பிஷப் சொன்னாரு.

— அதுவும் நம்ம விசுவாசம்தானே.

— விசுவாசம்தான். மறு உலகத்துல கால்வாய் இருக்குமா பிரதர் லார்சன்? ஆப்ரிகாட் இருக்குமா?

— வெர்லா, ஒண்ணு சொல்றேன், கேளு. கன்னிசன் ஊர்ல வேற ஒரு கோத்திரப்பிதா இருக்கார். நல்ல மனுஷன். பிஷப்கிட்ட நானே பேசி அனுமதி வாங்கித் தரேன். அன்னலீஸை அங்க கூட்டிட்டுப் போ. என் கையை உன் வீட்டுல இன்னொரு தலை மேல வெக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல.

— நான் எதுக்கு வந்தேன்னு நீங்க நெனச்சீங்க? ‘என் பொண்ணுக்கு எதையும் சொல்லிடாதீங்க’ன்னு கெஞ்சவா?

— வேற எதுக்கு?

— சொல்லுங்கன்னு கேக்க வந்தேன். துணிஞ்சு சொல்லுங்க. தப்பாப் போகக்கூடிய மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

— அம்மாடி...

— நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். ‘கால்வாய் ஓரத்துல உனக்கு ஒரு வீடு இருக்கும். அதுக்குத் தெற்கால ஒரு ஆப்ரிகாட் மரம். மரத்தடியில உன் பிள்ளைங்க விளையாடுவாங்க. சின்னது மட்டும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா மரத்தை விட்டு இறங்கி வராது.’ அந்தச் சின்னதைப் பத்திச் சொன்னப்ப கோல்பி சிரிச்சான், ஞாபகம் இருக்கா? உங்க கைக்குக் கீழ தலை குலுங்குச்சு.

— இருக்கு.

— அந்த ரெண்டு வருஷமும் அவன் அந்த வீட்டுலதான் இருந்தான். அது உங்களுக்குத் தெரியாது. கால்வாய் நெடுக நடந்து இடம் பாத்தான். கோடையில கூரை வேலைக்குப் போனான், ‘என் கூரையை நானே போடணும்மா’ன்னு. கல்யாணம் இல்ல, காதலிகூட இல்ல. கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு என்னோட சண்டை! அன்னலீஸ் அப்ப குட்டி. ‘நீதான் என் பிள்ளைங்களைப் பாத்துக்கணும்’னு அவளை வேலைக்கே சேத்துட்டான். சம்பளம் பழமாத் தருவானாம்.

— இதையெல்லாம் நீ எனக்குச் சொன்னதே இல்லையே.

— நீங்கதான் சபையில என்னைக் கண்டா வேற வாசல் வழியாப் போயிடறீங்களே. அவன் வாழாமப் போகல பிரதர் லார்சன். ஒரு வீடு நிறைய வாழ்ந்துட்டுப் போனான். இப்ப இவளைப் பாருங்க. பதினேழு வயசு. படிப்பு என்ன பண்ணப் போறேன்னா ‘பாப்போம்’. ஊழியத்துக்குப் போறியான்னா ‘பாப்போம்’. அடுத்த கோடைன்னு ஒண்ணு வரும்கறதையே அவ வாயால சொல்ல மாட்டேங்கறா. ஆசீர்வாதம் வேணும்னு அவளே கேட்டது இப்பதான். ‘விசுவாசமா இரு’ன்னு மட்டும் சொல்லி அனுப்பினீங்கன்னா, எழுந்து போவா, இனிமே யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டா. அவளுக்கு ஒரு நாளையைக் குடுங்க. அந்த வீட்டையே குடுங்க.

— குடுக்க முடியாதும்மா. அது ஆண்டவர் குடுத்த வீடு இல்ல.

— என்ன சொல்றீங்க?

— அன்னைக்குக் கை வெச்சுட்டு நின்னேன். ஒண்ணும் வரல. முன்ன வந்திருக்கு வெர்லா, சத்தியமா. வர்றப்ப தெரியும், தண்ணி மொறையில மதகைத் தூக்கினதும் வயலுக்குள்ள சலசலன்னு வருமே, அப்படி. அன்னைக்கு மதகைத் தூக்கினேன், வாய்க்கால் காய்ஞ்சு கெடந்துச்சு. பிள்ளை காத்துக்கிட்டிருக்கான். சொல்றதை எழுதி வைக்கறதுக்கு ஒலிப்பதிவுக் கருவி ஓடுது. எனக்கும் ஃபெர்னுக்கும் பிள்ளை இல்லைன்னு உனக்குத் தெரியும். நாங்க கல்யாணம் ஆன புதுசுல, ராத்திரி விளக்கணைச்சதும், பிள்ளைங்களுக்குப் பேர் வெச்சு விளையாடுவோம். அந்த மரத்தை அதுக்குத்தான் நட்டோம். சின்னது மரத்துலேர்ந்து இறங்காதுன்னு சொன்னது ஃபெர்ன். நான் கேட்டு கேட்டுக் கெடைக்காததை எடுத்து, ஆண்டவர் பேரால உன் பையன் தலையில வெச்சுட்டேன். அது தீர்க்கதரிசனம் இல்ல. ஏக்கம்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க கண்ணை மூடியிருந்தீங்க, அவன் மூடியிருந்தான். நான் மூடல. நான் இதோ இந்த சோபாவுல, சன்னலுக்கு நேரா. நீங்க ‘கால்வாய்’னீங்க, உங்க தோளுக்குப் பின்னாடி கால்வாய். ‘ஆப்ரிகாட் மரம்’னீங்க, பூ பூத்து நிக்குது. நீங்க சொல்றது உங்க வீட்டைத்தான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் நீ சும்மா இருந்தியா?

— அவன் முகத்தைப் பாத்தேன். அப்புறம் எப்படிச் சொல்ல மனசு வரும்? ஒவ்வொரு ஜூலையிலயும் எதுக்குப் பழம் பொறுக்க வரேன்னு நெனச்சீங்க? எங்க மார்க்கெட்ல பழம் இல்லையா?

— வெர்லா...

— மேல இருக்கறவங்களுக்கும் ஏக்கம் இருக்கும்ல? அதையாவது சொல்லக்கூடாதா? நான் கையாட்டறேன். அவளைக் கூப்பிடறேன். யோசிக்காதீங்க, அதே வீடு, அதே மரம். சின்னது இறங்காததையும் விட்டுடாதீங்க.

— இரும்மா, இரு, நான் இன்னும் சரின்னு சொல்லல...

— வந்துட்டா. உள்ள வா கண்ணு. காலைத் தட்டிட்டு வா, சேறு.

— ஹாய் பிரதர் லார்சன். எங்க உக்காரணும்?

— வாம்மா அன்னலீஸ். இந்த நாற்காலிதான். குளிருதா? இல்லியா? நல்லது. முழுப் பேரையும் ஒரு தடவை சொல்லு. அப்புறம்... அம்மா சோபாவுல இருக்கட்டும்.

— அன்னலீஸ் மே நீல்சன். கை வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?

— கேளும்மா.

— வீடு சொல்லப் போறீங்களா?

— அன்னலீஸ்! பெரியவர்கிட்ட அப்படியெல்லாம் முன்கூட்டியே கேக்கக்கூடாது.

— அம்மா, ப்ளீஸ். பிரதர் லார்சன், அந்த வீடு எனக்கு வேணாம். எங்க வீட்டுல எல்லாரும் ஏற்கெனவே அங்கதான் குடியிருக்கோம். அண்ணனோட பிள்ளைங்களுக்கு அம்மா இன்னும் கம்பளி பின்னறாங்க, பரண்ல ஒரு பெட்டி நிறைய இருக்கு. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் கால்வாய்க்குப் போய் நிக்கறாங்க, இருட்டினா நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். என்ன பண்ணப் போறேன்னு அவங்க கேக்கும்போதெல்லாம் ‘பாப்போம்’கறேன். நான் போயிட்டா யார் கூட்டிட்டு வருவா?

— ஐயோ... நீ... எனக்குத் தெரியாதே கண்ணு.

— பரவால்லம்மா. அழாதீங்க. வாங்க, இங்க உக்காருங்க, இந்த நாற்காலியில. பிரதர் லார்சன், கையை அம்மா தலையில வைங்க. அவங்க எப்ப அந்த வீட்டை விட்டு வெளிய வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் எங்க போகப் போறேன்கறதை நானே சொல்லிக்கறேன்.