"பாதிதான் குணம்" என்று சாட்சி சொன்ன மெஹர்னிசா அம்மையாருக்கு

மூட்டுகளின் மொழி அறிந்தவரே, முகம் சுளித்தாலும் முழங்கால்களைக் கைவிடாதவரே, பழவேற்காட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறியும் எங்களுக்கு முன்பே வந்து நின்று எங்களை நாள்தோறும் நாணவைத்தவரே, இன்று பணி ஓய்வு பெறும், பிசியோதெரபி பிரிவின் பெருமைக்குரிய மெஹர்னிசா அம்மையார் அவர்களே, வணக்கம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலைகள் உடைத்தனுப்பிய கால்களை இருபத்தெட்டு ஆண்டுகள் நடக்க வைத்தீர்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் படம் வரைந்து விளக்கினீர்கள். அதுவரை காத்திருந்தவருக்கும் முதலிலிருந்து விளக்கினீர்கள். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதை இன்றாவது சொல்லிவிடுகிறோம்.

அந்த விளக்கத்தின் அருமையை எங்களுக்கு உணர்த்தியவர் விமல். இரும்பு ஆலைத் தொழிலாளி. லாரி மோதி முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது; மூட்டு மடங்கவில்லை. பயிற்சியை நிறுத்தினால், ஓடாத இயந்திரம்போல அது மேலும் இறுகும். விபத்து வழக்கிலோ இழப்பீடு ஒரே முறைதான் முடிவாகும். இனி ஆகும் சிகிச்சைச் செலவை அப்போதே கேட்டு வாங்காவிட்டால், பிறகு கேட்க இடமில்லை.

ஊனத்தை அளக்க மருத்துவக் குழு அழைத்த அன்று விமல் என்ன செய்தார்? வலிமாத்திரை போட்டார். ஊன்றுகோலைத் தாய் குப்பம்மாளிடம் கொடுத்து வாசலிலேயே நிற்கச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து நடந்து காட்டினார். ஊனம் மிகக் குறைவு என்று சான்று வந்தது.

"இன்னா விமல், பொண்ணு பாக்கப் போனியா, டாக்டருங்களப் பாக்கப் போனியா?" என்றீர்கள்.

"நொண்டிக்கினு போனா உங்களுக்குத்தான மேடம் அசிங்கம்? உங்க பேரக் காப்பாத்தலாம்னுதான்."

"எம்பேரு கெடக்கட்டும். உங்காலுக்கு யாரு குடுப்பா? பேஜாரு புடிச்சவனே."

அவர் மட்டுமா? நம்மிடம் வருபவர்களில் பாதிப் பேர் மருத்துவக் குழுவைப் பரீட்சை என்றே நினைக்கிறார்கள். தேறிவிட்டுத் தோற்கிறார்கள். எத்தனை முறை சொல்வது?

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விமலுக்காகச் சாட்சி சொல்ல வந்த உங்களை லாரியின் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் புகழ்ந்தார். "இவ்வளவு நன்றாக நடக்கிறாரே, உங்கள் சிகிச்சை முழு வெற்றிதானே?" ஆம் என்றால் உங்களுக்குப் பெருமை, விமலுக்கு ஒன்றுமில்லை. "இல்லை, பாதிதான் குணம்" என்றீர்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே என்றார் அவர். மேசைமேல் படுப்பதுதான் இலவசம், மேசைவரை வந்து சேர்வது இலவசமில்லை என்று ஆட்டோவையும், முழங்கால் பட்டையையும், மகனோடு வருவதால் தாய் இழக்கும் கூலியையும் எடுத்துரைத்தீர்கள். பிறகு, வழக்கம்போல, விளக்கத் தொடங்கினீர்கள். சமதரையில் நடக்க முழங்கால் சற்றே மடங்கினால் போதும்; படியிறங்க நிறைய மடங்க வேண்டும். ஆகவே அவரைப் படியிறங்கச் சொல்லிப் பாருங்கள் என்றீர்கள்.

நீதிபதி அனுமதித்தார். நிமிர்ந்து நடந்த அதே விமல் வராந்தாப் படியில், கைப்பிடியை இறுகப் பிடித்து, நண்டுபோல் பக்கவாட்டில் இறங்கினார். நான்காவது படியில் நின்று, "முடியல மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைக்க நமக்கு ஓராண்டு ஆனது.

எதிர்காலச் சிகிச்சைக்கெனத் தனித்தொகை தீர்ப்பானது.

அம்மையீர், தம் பணியைப் பாதிதான் என்று சத்தியம் செய்து பதிவு செய்துவிட்டு ஓய்வு பெறும் ஒருவரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை. மீதிப் பாதி இப்போது எங்கள் தலையில். வாரம் இருமுறை விமல் வருவார். நாங்களும் படம் வரைந்து விளக்குவோம். நோயின்றி நெடுநாள் வாழுங்கள். அவர் ஆலைப் பேருந்திலிருந்து நேராக இறங்கும் நாளில் சொல்லி அனுப்புகிறோம். வந்து பார்த்து, இன்னும் எங்கே மடங்கவில்லை என்று சொல்லுங்கள்.

இவண்,
வேலையை முடிக்க வேண்டியவர்களான
பிசியோதெரபி பிரிவு ஊழியர்கள்