நேரா வீட்டுக்கு வந்தவர்

இல்ல லோர்னாக்கா, உள்ள வரல. இப்படி வாசல்லயே நிக்கிறேன். பாண்டெசால் ரொட்டி ஆறு குடுங்க போதும். அம்மாதான் அனுப்புனாங்க. ரொட்டிக்கில்ல, ஆவிய எறக்கி விட. சிரிக்காதீங்கக்கா.

போன சனிக்கிழமை பக்கத்து ஊர்ல ஒரு சாவு வீட்டுக்குப் போனேன். தனியாத்தான். அங்கேருந்து நேரா வீட்டுக்குப் போகக்கூடாது, நடுவுல எங்கயாவது உக்காந்துட்டுப் போகணும், கூட வந்த ஆவி அங்கயே தங்கிரும்னு பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்க வியாபாரத்துல பாதி அதுதானே? நானும் வந்தேன். பாத்தா உள்ள ஷைரா. ஆமா, எங்க வகுப்புப் பொண்ணுதான். போன மாசம் இங்க இழுக்கற கதவ அவ கண்ணு முன்னாடியே தள்ளித் தள்ளி நெத்திய வீங்க வச்சுக்கிட்டேனே, நீங்கதான ஐஸ் வச்சீங்க? பதினாறு வயசுல எனக்கு வளந்தது கையும் காலும் மட்டும்தான். வெக்கப்பட்டுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்.

கூடவே வந்துட்டாரு.

எப்படித் தெரியும்னா? ஓடிட்டிருக்கற டிவி தானா குத்துச்சண்டைக்கு மாறுது. ஃபேன் மூலை நாற்காலிப் பக்கமே திரும்பி நிக்குது. சக்கரை டப்பா காலி. நான் கண்ணாடி முன்னால சிரிச்சுப் பழகுறேன், பின்னால களுக்குன்னு ஒரு சத்தம். பயந்து அலறுனேன்க்கா, குரல் உடைஞ்சு கோழி கத்துன மாதிரி வந்துச்சு. அதுக்கும் ஒரு களுக்கு. பேயே கேலி பண்ற மூஞ்சி எனக்கு மட்டும்தான் வாய்ச்சிருக்கு. ஆனா ஒண்ணு, காலையில எழுந்தா தலைய யாரோ கோதி விட்ட மாதிரி படிஞ்சு கெடக்குது. சீப்புக்கே அடங்காத முடிக்கா இது.

அம்மா மொத நாளே கண்டுபிடிச்சிட்டாங்க. அந்த நாற்காலியப் பாத்து, இங்க உனக்கு என்ன வேலைன்னு ஒரே சத்தம். இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, லோர்னா கடையில அரை மணி நேரம் உக்காரு, அந்த ஆள அங்கயே விட்டுட்டு வான்னாங்க.

செத்தது யாரா? எங்கப்பாதான். நீங்க இங்க கடை போடறதுக்கு முன்னாலயே எங்கள விட்டுட்டுப் போயிட்டாருக்கா. பதினோரு வருஷம். அந்த ஊர்ல வேற குடும்பம். பொட்டி பக்கத்துல நிக்கறப்ப ஒரு சின்னப் பொண்ணு வந்து, நீங்க யாருன்னு கேட்டுச்சு. அப்பா மூக்கு அப்படியே அதுக்கும். தெரிஞ்சவங்கன்னேன். காப்பி கொண்டாந்து குடுத்துச்சு.

ஷைராவா? அன்னிக்கு அவ வரவே இல்லக்கா. கடை காலியா கெடந்துச்சு, நீங்க அந்தப் பக்கம் திரும்பி மாவு பிசைஞ்சிட்டிருந்தீங்க. நான்தான் நுழையல. எங்க வீட்டு வழி அவருக்கு மறந்திருக்குமேன்னு மெதுவா நடந்தேன்.

குடுங்க, அப்படியே கைய நீட்டிக் குடுங்க. அம்மா வந்து கேட்டா, உள்ள வந்து அரை மணி நேரம் உக்காந்திருந்தான்னு சொல்லிருங்க, என்ன?