கைப்பிடியை நீட்டியவர்மேல் ஒரு வழக்கு

தையல் எந்திரத்துக்கு இன்று ஒருநாள் விடுமுறை கொடுத்துவிட்டு, இந்த அவையின் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் சங்கத் தலைவி அக்கா அவர்களே! எங்களுக்காக நீதிமன்றப் படியேறிப் படியேறியே செருப்பைத் தேய்த்துவிட்ட வக்கீலம்மா அவர்களே! அனுபவத்தால் நரைத்த, அநீதிக்குத் தலை வணங்காத பெரியோர்களே! இடுப்பிலே குழந்தையும் நெஞ்சிலே நெருப்புமாக வந்திருக்கும் தாய்மார்களே! இடம் போதாமல் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! பார்த்து உட்காருங்கள் தம்பி, இன்றைக்கு விழவேண்டியது நீங்களல்ல, நம்மீது போட்ட பழி! உங்கள் அத்தனை பேருக்கும் ஒரு சாணைக்காரர் மனைவியின் வணக்கம்.

என் வீட்டுக்காரர் சாணை பிடிக்கிறவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். காய் நறுக்கும் கத்தி, கறி வெட்டும் கத்தி, துணி வெட்டும் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டு, மரத்து நிழலில் தீட்டித் திருப்பிக் கொடுப்பார். மழுங்கியதைக் கூராக்குவது குற்றமா? கூர்மை குற்றமென்றால் சமையலறைகள் எல்லாம் சிறைக்கல்லவா போகவேண்டும்? "அப்புறம் எதுக்கும்மா புடிச்சாங்க?" என்று அங்கே ஒரு பெரியவர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா. கத்தி குற்றமில்லை, நாங்கள் குடியிருக்கும் இடம் குற்றம்! எங்கோ ஒரு சைக்கிள் தொலைந்தால் முதலில் தட்டப்படுவது எங்கள் கதவு. தொலைத்தவர் அதை மாமியார் வீட்டில் மறந்து விட்டுவிட்டு வந்திருப்பார். ஆனாலும் எங்கள் வீட்டுப் பானையைக் கவிழ்த்துத் தேடுவார்கள். சைக்கிளைப் பானைக்குள் ஒளிக்கிற வித்தை தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் இங்கே இருக்கப்போகிறோம்?

ஒருநாள் பட்டப்பகலில் ஒரு போலீஸ்காரர் என் வீட்டுக்காரரை வழிமறித்தார். எந்த ஏரியா என்று கேட்டார். இவர் சொன்னார். போலீஸ்காரர் முகம் மாறியது. "பையில என்னய்யா?" என்றார். வேறு யாராக இருந்தாலும் பையைப் பிரித்துக் காட்டிவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார்? பையைப் பற்றி யார் கேட்டாலும் இவருக்கு அவர் வாடிக்கைக்காரர்தான். கை தானாக உள்ளே போய்விட்டது. இருப்பதிலேயே நன்றாகத் தீட்டியதை உருவி, "பாருங்க சார், எப்படி வந்திருக்குன்னு!" என்று நீட்டிவிட்டார்.

ஐயோ, என் ராசா! உலகத்தில் எவனாவது போலீஸ்காரரிடம் கத்தியை நீட்டுவானா? சாணைக்காரன் நீட்டுவான்! சிரியுங்கள், சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் துள்ளிய துள்ளலில் அது வழக்காகிவிட்டது. கொடிய ஆயுதத்தைக் காட்டிக் கொலைமிரட்டல்!

ஸ்டேஷனுக்கு ஓடினேன். "ஐயா, அது அவரு தொழிலுங்க" என்றேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க ஆளுங்களுக்கு என்ன தொழில்னு எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். தாய்மார்களே, நினைத்துப் பாருங்கள். தீர்ப்பு எதிராக வந்தால் ஆண்டுக்கணக்கில் சிறை. வெளியே வந்தாலும் அதற்குப்பிறகு எந்த வீடு அவர் கையில் ஒரு கத்தியைக் கொடுக்கும்? மனிதரும் போவார், மானமும் போகும், பிழைப்பும் போகும்.

அப்போது அக்கம்பக்கத்தார் என்னை இந்தச் சங்கத்துக்கு அழைத்து வந்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஆடி ஆடிச் சுற்றும் ஒரு மின்விசிறி. நீ எந்த ஏரியா என்று நம் தலைவி அக்கா கேட்கவில்லை. "சாப்பிட்டியாடி?" என்று கேட்டார். அடுத்து, "அவரு எந்தெந்தத் தெருவுக்குப் போவாரு? வா, அங்க போவோம்" என்றார். போனோம். விஷயத்தைச் சொன்னதும் ஓர் அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார். "என் கத்தியையா புடிச்சு வச்சிருக்காங்க? அன்னையிலேர்ந்து ஒரு வெங்காயம் நறுக்க நான் படுற பாடு யாருக்குத் தெரியும்? வாங்கடி போவோம்!"

வந்தார்கள்! தெருவே திரண்டு வந்தது! நீதிமன்ற மேசைமேல் அந்தக் கொடிய ஆயுதங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். "பிடியில துணி சுத்தியிருக்கே, அது என்னுது." "முனை ஒடிஞ்சது எங்க வீட்டுது சாமி, என் மருமக செஞ்ச வேலை." நீதிபதியே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, அன்றைக்கு எப்படி நீட்டினாரோ அப்படியே செய்து காட்டச் சொன்னார். இவர் கத்தியை எடுத்தார். கூரான அலகைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். கைப்பிடியை நீதிபதியின் பக்கம் நீட்டினார். அவர்கள் தொழிலில் அதுதான் முறை. வெட்டினால் தன் கையை வெட்டட்டும், வாங்குகிறவர் கையில் கீறல் விழக்கூடாது. வக்கீலம்மா போலீஸ்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு உங்க பக்கம் இருந்தது அலகா, கைப்பிடியா?" அவர் "கைப்பிடி" என்றார்.

விடுதலை! கைதட்டுங்கள், எனக்காக அல்ல, அந்த வெங்காயத்து அம்மாவுக்காக!

அத்தோடு முடிந்ததா? மறுவாரமே என் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். பழைய பேப்பர் பொறுக்குகிறவரின் மனைவி. அவள் புருஷனையும் திருட்டுப் பட்டம் கட்டி அதே ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். "மறுபடியும் அங்கேயா? பயமா இருக்குங்க" என்றேன். ஆனால் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக அந்தப் புள்ள தனியாவா போகும்? நட!" தன்னைப் பூட்டி வைத்த கட்டடத்துக்குள், யாரும் இழுத்துக்கொண்டு போகாமல் தன் காலாலேயே நடந்து போனார் தோழர்களே! நானும் போனேன், அக்காவும் வந்தார், தெருவும் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீ எதுக்குய்யா மறுபடி வந்தே? உன் கேஸுதான் முடிஞ்சுபோச்சே!"

"என் கேஸு முடிஞ்சுது சார். எங்க கேஸு முடியல."

அந்தப் பேப்பர்க்காரர் அன்றே வீடு திரும்பினார். அந்த நாளில்தான் நாங்கள் சங்கத்தில் சேர்ந்தோம். சேருவதென்றால் வேறென்ன? அடுத்தவள் வாசலில் வந்து அழைக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான்! பிறப்பால் குற்றவாளி உண்டா? பிழைப்பால் குற்றவாளி உண்டா? இல்லையென்றால் எழுந்து நில்லுங்கள்! அதோ, மதில்மேல் இருந்தவர்களும் குதித்துவிட்டார்கள். வாருங்கள் தம்பி, வாருங்கள் தாயே, எல்லோரும் வாருங்கள்! இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. இனிமேல் தோள் கொடுக்கப்போகும் உங்களுக்கு என் வணக்கம்!