இரண்டாம் பக்கம், பத்துக்கு மூன்று

இரவு பதினொன்றே முக்கால். கல்குவாரிக்குப் போகும் சாலை. தெருவிளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தன, கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றுபோனது. பழைய வேன் ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நான்கு அட்டைப்பெட்டிகள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இசைத்தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்... ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்...

ஓட்டியவர் என் நண்பனின் அத்தான். அவன் அக்காவைக் கட்டியவர். அவரே அவனிடம் சொல்லி, அவன் என்னிடம் சொன்னது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள். எனக்கு ஒன்றுமில்லை, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர் கண் முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னால போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று பகல் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியைப் பாட்டுகளிடம் கேட்பார். எழுபதுகளில் வந்த ஆல்பம் என்றால் மனிதருக்குப் பசி தூக்கம் கிடையாது. அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் "இரைச்சல்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்.

அக்கா மட்டும் லேசுப்பட்டவளா என்ன? சனிக்கிழமை சாயங்காலமானால் இருவரும் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்பார்கள். முடிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, ஒரே நேரத்தில் விரல்களை நீட்ட வேண்டும். பத்துக்கு எத்தனை என்று. எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் சண்டை. ஒத்துப்போனதே இல்லை.

"இருபது நிமிஷம் ஆர்கனைப் போட்டு உருட்டுறான், இதுக்கு எட்டா? உங்களுக்குக் காது கேக்கத்தான் இருக்கா, இல்ல கண்ணாடி மாட்ட மட்டும் இருக்கா?"

"ரெண்டாவது பாட்டுல டிரம்ஸ்காரன் ஒரு இடத்துல சும்மா இருக்கான் பாரு, அதுக்கே நாலு மார்க் தரலாம். அடிக்கிறது யாரு வேணா அடிப்பான்டி."

பாட்டோடு சேர்ந்து அக்காவும் பாடுவாள். சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். அவருக்கு அது பிடிக்கும். இந்தச் சண்டையும் இந்தப் பாட்டும்தான் தன் பதினொரு வருட வாழ்க்கையில் உருப்படியாகக் கிடைத்தவை என்று என் நண்பனிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் பெட்டிகள் வந்தன.

கடைக்கு ஃபிரேம் மாற்ற வந்த ஒரு வயதான அம்மாள், புருஷன் தவறிவிட்டார், வீட்டில் நான்கு பெட்டி ரெக்கார்டு கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். விலை கூடப் பேசவில்லை. இன்றைக்கே எடுத்துக்கொண்டால் போதும் என்றாள். அவர் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் எழுபதுகள். கீறல் இல்லாத தட்டுகள். சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு. பென்சிலில், எறும்பு வரிசைபோல நெருக்கி எழுதிய எழுத்து. தேதி இல்லை, பெயர் இல்லை. கருத்து மட்டும். "முதல் பக்கம் பொறுக்கலாம். மூன்றாவது பாட்டில் கிட்டார்காரன் தன்னையே ரசித்துக்கொள்கிறான்." "எல்லோரும் கொண்டாடும் ஆல்பம். மூன்று பாட்டு, மிச்சம் பஞ்சு." கீழே பத்துக்கு எத்தனை என்று ஒரு எண். ஆறுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை.

ரசித்துக் கேட்கிற எவனும் செய்யக்கூடாத தப்பு ஒன்று உண்டு. அதை அவர் செய்தார். தட்டில் ஊசியை வைப்பதற்கு முன்னாலேயே சீட்டைப் படித்தார். முதலில் விளையாட்டுக்குத்தான். அப்புறம் படிக்காமல் கேட்க முடியவில்லை. சீட்டில் பஞ்சு என்று இருந்தால் காதில் பஞ்சாகத்தான் விழுந்தது. விரலை நீட்டும்போது சீட்டில் இருந்த எண்தான் நீண்டது. பதினொரு வருடமாக ஒன்பது போட்டுக்கொண்டிருந்த ஆல்பத்துக்கு ஒரு சனிக்கிழமை நான்கு போட்டார்.

அக்கா சிரித்தாள். "மார்க் போடுறது நீங்களா, அந்த ஆளா?"

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சண்டையும் இல்லை. அவள் ஏதாவது சொன்னால், "சரி" என்று எழுந்து போய்விடுவார். சனிக்கிழமைகளில் அந்த வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து அந்தச் சத்தம் தொடங்கியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க நான்கைந்து நொடி இருக்கும் இல்லையா... அந்த இடைவெளியில். தாளில் பென்சில் ஓடும் சத்தம். கிற்... கிற்... கிற்ர்ர்... ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே, புதிதாகச் சீவிய பென்சில் வாசனை. அந்த வீட்டில் பென்சிலே கிடையாது. குழந்தையும் கிடையாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு தொடங்கிவிட்டால் நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேன் கிளம்பிய அந்த இரவுக்கு வருகிறேன். அதுவும் சனிக்கிழமைதான். அக்கா பிடிவாதமாகத் தன்னுடைய ஆல்பத்தை எடுத்தாள். கல்யாணமாகி வரும்போது அப்பா வீட்டிலிருந்து கொண்டு வந்தது. பெட்டியில் வந்தது இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் அலமாரியில், அவள் துணிகளுக்கு நடுவில் இருந்தது. உறையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு துண்டுச்சீட்டு. எறும்பு வரிசை எழுத்து.

"இரண்டாம் பக்கம். பெண் ஒருத்தி கூடவே பாடுகிறாள். நிறுத்த வேண்டும். பத்துக்கு மூன்று."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். மடித்தார். பிறகு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தன்மையான குரலில் சொன்னார்: "சரியாத்தானே எழுதியிருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவளைப் பார்த்தார். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றிருந்தாள், அவரைப் பார்த்து. பேயைக் கண்டுகூட அவர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். இவளை இழந்துவிடுவோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே நான்கு பெட்டிகளையும் வேனில் ஏற்றினார்.

குவாரிச் சாலையின் கடைசி வீடு. நள்ளிரவிலும் எல்லா விளக்கும் எரிந்தது. உள்ளே டிவி அலறியது, ரேடியோ அலறியது. அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். அவர் மெதுவாக, "தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா..." என்று ஆரம்பித்தார்.

"சத்தமா பேசுங்க தம்பி! இங்க இப்பல்லாம் சத்தமா பேசலாம்!"

பெட்டிகளைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் எழுதின சீட்டும்மா..."

"அவர் எழுதினதா? நாங்க வாங்கிட்டு வரும்போதே உள்ள இருந்துச்சு தம்பி. யார் எழுதினதுன்னு அவருக்கும் தெரியாது. ரொம்ப நல்ல மனுஷன். படிச்சார், படிச்சுக்கிட்டே இருந்தார், ஒரு நாள் அவரே எழுத ஆரம்பிச்சுட்டார். அதே கையெழுத்து." அவள் குரல் இறங்கியது. "இருபத்திரெண்டு வருஷம் இந்த வீட்டுல கொலுசு போட்டு நடந்ததில்ல நான். பாத்திரம் கழுவுனா துணிய சுத்திக்கிட்டுத்தான் கழுவுவேன்." அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க எழுத ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப ஓடுங்க." கதவு சாத்தப்பட்டது. டிவி சத்தம் இன்னும் கூடியது.

அவர் நேராகக் குவாரிக்குப் போனார். விளிம்பில் நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கீழே தேங்கியிருந்த தண்ணீருக்குள் தள்ளினார். தொப்... கொஞ்ச நேரம் குமிழி விடும் சத்தம்... அப்புறம் அமைதி. நாலாவது பெட்டியும் போன பிறகு, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். எவ்வளவு நாளைக்குப் பிறகு அழுதார் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போயிடுச்சாங்க?"

"போயிடுச்சு. பாடு."

"இந்த நேரத்துலயா? பக்கத்து வீட்டுல அடிக்க வருவாங்க."

"பாடு. சத்தமா பாடு."

அவள் தன் ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை முழுக்கப் பாடினாள், ஒரு இடத்தில்கூடச் சுருதி சேராமல். அவருக்கு அவ்வளவும் பிடித்தது. ஒன்றுவிடாமல் பிடித்தது. பத்துக்குப் பத்து என்றார். "விட்டா விடிய விடிய கேப்பீங்க போலிருக்கே" என்று அவர் தோளில் இடித்தாள். பழைய சிரிப்பு. இருவரும் போய்ப் படுத்தார்கள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவர் படுத்தவுடன் தூங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களை இப்படி உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

விடியற்காலை அவருக்கு விழிப்பு வந்தது. படுக்கையில் இல்லை. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழுந்தார், யார் நாற்காலி போட்டது... தெரியாது. அக்கா மல்லாந்து படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் யாரோ தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்று காதைத் தீட்டிக் கேட்டார். பேசியது அவருடைய வாய்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு... இந்த மூச்சுச் சத்தம் மட்டும்தான் குறுக்க வருது."